இந்தோனேசிய மாணவர்களும் ஆங்கில ஆய்வெழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகளுக்கு மொழி திருத்துவது என் பிழைப்பு. மேசைக்கு வருபவற்றில் கணிசமானவை இந்தோனேசியாவிலிருந்து வருகின்றன. அதிலும் ஆங்கிலம் கற்பித்தல் தொடர்பானவை அதிகம். ஆங்கிலத் துறையில் முனைவர் பட்டம் செய்யும் நண்பர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்புகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால், எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

ஆங்கிலம் கற்பித்தல் பற்றி எதைத் தேடினாலும் இந்தோனேசியக் கட்டுரையாக வந்து விழுகிறதே, ஏன்?

முதல் காரணம் ஒரு சுற்றறிக்கை. 2012 ஜனவரி 27 அன்று இந்தோனேசிய உயர்கல்வி இயக்குநரகம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பிறகு பட்டம் வாங்க வேண்டுமானால், இளநிலை மாணவர் ஏதாவதொரு ஆய்விதழிலும், முதுநிலை மாணவர் தேசிய இதழிலும் (அங்கீகரிக்கப்பட்டதாக இருந்தால் நல்லது), முனைவர் பட்ட மாணவர் சர்வதேச இதழிலும் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்றது. சொன்ன காரணம் இன்னும் சுவாரசியம்: தங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு வெளியீடு மலேசியாவினுடையதில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கிறது என்பது. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கிவிட்டான் என்ற கதைதான்.

அப்புறம் நடந்ததை ஊகிப்பது கடினமில்லை. இருக்கிற இதழ்கள் போதவில்லை, எனவே துறைக்கு ஒன்றாக இதழ்கள் முளைத்தன. ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இலவச மென்பொருள் இருந்ததால் செலவும் அதிகமில்லை. 2017-இல் பேராசிரியர்களின் சிறப்புப் படியையும் கட்டுரை வெளியீட்டோடு முடிச்சுப் போட்டார்கள். அதே ஆண்டில் சிந்தா என்ற தேசியத் தரவரிசைத் தளம் வந்தது. இதழ்களுக்கு எஸ்1 முதல் எஸ்6 வரை படிநிலை, எஸ்1 தான் உச்சி. சிந்தா என்பது ஓர் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான், ஆனால் அந்த ஊரில் சீதைக்கும் சிந்தா என்றுதான் பெயர். கட்டுரைகளைத் தேடித்தரும் இன்னொரு தளத்தின் பெயர் கருடா. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு அங்கே வழி தவறாது.

இரண்டாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. வேளாண்மையிலோ சட்டத்திலோ இளநிலை படிக்கும் இந்தோனேசிய மாணவர் தன் கட்டுரையை இந்தோனேசிய மொழியில் எழுதுவார். உங்கள் ஆங்கிலத் தேடலில் அது சிக்காது. ஆங்கிலக் கல்வித் துறை மாணவர் மட்டும் ஆங்கிலத்தில் எழுதுகிறார். அரசுப் பல்கலைக்கழகம், தனியார் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, இஸ்லாமியப் பல்கலைக்கழகம் என்று நாடு முழுக்க அந்தத் துறை இருக்கிறது. ஆக, உங்கள் கண்ணில் படுவது மலையின் ஒரு முகம் மட்டுமே.

அங்கே ஆங்கிலம் நம்மைப் போல இரண்டாம் மொழியா?

இல்லை. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் ஒப்பிட்டுத் தடுமாறுகிறார்கள். ஆண்டது டச்சுக்காரர்கள். அவர்கள் போனபோது டச்சும் ஏறக்குறைய கூடவே போய்விட்டது; நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் உட்கார அதற்கு இடம் தரப்படவில்லை. அந்த இடத்தை நிரப்ப ஒரு மொழி ஏற்கெனவே தயாராக இருந்தது. 1928 அக்டோபர் 28-இல் இளைஞர்கள் எடுத்த உறுதிமொழியில், மலாயிலிருந்து வளர்ந்த பஹாசா இந்தோனேசியாவை ஒற்றுமைக்கான மொழியாக அறிவித்துவிட்டார்கள். இத்தனைக்கும் அதிகம் பேரின் தாய்மொழி ஜாவானியம். 700-க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில், அதிகம் பேர் பேசும் மொழியை விட்டுவிட்டுச் சந்தைப் பொதுமொழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே இந்தோனேசிய மாணவருக்கு ஆங்கிலம் அயல்மொழி. பேருந்திலோ, வங்கிப் படிவத்திலோ, நீதிமன்றத் தீர்ப்பிலோ அவர் அதைப் பார்ப்பதில்லை. வீட்டில் ஜாவானியமோ சுந்தானியமோ மினாங்கபாவோ, பள்ளியில் இந்தோனேசியம், தொழுகைக்கு அரபு. ஆங்கிலம் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரிசையில் நிற்கிறது. ‘இவ்வளவு ஆண்டு படித்தும் ஒரு பத்தி எழுத வரவில்லையே’ என்று கேட்பதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலவழிக் கல்விக்கு அங்கே சட்டத் தடையும் வந்திருக்கிறது. ‘சர்வதேசத் தரத்தை நோக்கிய பள்ளிகள்’ என்று அரசே நடத்தி, கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பித்த பள்ளிகள் இருந்தன. 2013 ஜனவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான சட்டப்பிரிவையே ரத்து செய்துவிட்டது. வசதி படைத்தவர்களுக்கு ஒரு கல்வி, மற்றவர்களுக்கு ஒரு கல்வி என்றாகிறது, தேசிய மொழிக்கும் ஊறு என்பவை முக்கிய வாதங்கள்.

எந்த வகுப்பிலிருந்து ஆங்கிலம்?

நடுநிலைப் பள்ளியிலிருந்து கட்டாயம். தொடக்கப் பள்ளியில் வந்தும் போயும் இருக்கிறது: 1994 பாடத்திட்டம் நான்காம் வகுப்பிலிருந்து விருப்பப் பாடமாக அனுமதித்தது, 2013 பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போனது. 2024-இல் வந்த விதிப்படி 2027/28 கல்வியாண்டில் மூன்றாம் வகுப்பிலிருந்து கட்டாயமாக்கும் திட்டம்.

‘ஸ்க்ரிப்ஸி’ என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறதே, அது என்ன?

இளநிலைப் பட்டத்துக்கான ஆய்வேடு. டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. விரிவுரையாளருக்குச் சொல்லும் ‘டோசென்’ கூட டச்சுதான். ஆனால் கல்லூரி மாணவர் ‘மஹாசிஸ்வா’, இலக்கிய மீளாய்வு ‘திஞ்ஜாவான் புஸ்தாகா’. பாதி ஹாலந்து, பாதி சமஸ்கிருதம்.

நம் ஊரில் இளங்கலை மாணவர் ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பைண்டிங் செய்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அங்கே ஸ்க்ரிப்ஸி வாழ்க்கைப் பிரச்சினை. முதலில் ‘செம்ப்ரோ’ என்று செல்லமாகச் சொல்லப்படும் முன்மொழிவுக் கருத்தரங்கு. பிறகு மாதக்கணக்கில் ‘பிம்பிங்கான்’, அதாவது வழிகாட்டியிடம் அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுபோய்க் காட்டுவது. அவர் ‘ரெவிசி’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தருவார். என்றாவது ஒருநாள் ‘ஏ.சி.சி.’ என்று ஒப்புதல் எழுதிக் கையெழுத்துப் போடுவார். கடைசியில் ‘சிடாங்’ என்ற வாய்மொழித் தேர்வு. அன்று வெளியே நண்பர்கள் பூச்செண்டும் பெயர் பொறித்த பட்டையும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வழக்கமான வடிவம் ஐந்து அத்தியாயங்கள்.

2023-இல் அன்றைய கல்வி அமைச்சர் நதீம் மக்காரிம் கொண்டுவந்த விதி இதைத் தளர்த்தியது. ஆய்வேட்டுக்குப் பதிலாக மாதிரிக் கருவி, செயல்திட்டம் போன்றவையும் போதும் என்றானது. முடிவெடுப்பது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு. செய்தி வந்த அன்று ‘ஸ்க்ரிப்ஸி ஒழிந்தது’ என்று மாணவர்கள் கொண்டாடினார்கள், ஒழியவில்லை.

ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா என்றால், ஆங்கிலக் கல்வித் துறைகளில் பொதுவாக ஆம். மற்றத் துறைகளில் இந்தோனேசியம். 2009-ஆம் ஆண்டின் 24-ஆம் எண் சட்டம், நாட்டுக்குள் எழுதப்படும் ஆய்வெழுத்து இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது, சிறப்பு நோக்கங்களுக்கும் சிறப்புத் துறைகளுக்கும் மட்டும் பிற மொழிக்கு இடம் தருகிறது. ஒரு பக்கம் இந்தச் சட்டம், மறுபக்கம் சர்வதேச இதழில் வெளியிடச் சொல்லும் அழுத்தம். இரண்டையும் ஒரே அரசுதான் சொல்கிறது.

அவர்கள் ஆங்கிலத்தில் வழக்கமாக என்ன பிழை வரும்?

அவர்கள் மொழியைக் கொஞ்சம் பார்த்தால் பாதி புரிந்துவிடும். ‘சாயா பெர்கி கெ பாசார் கெமாரின்’ என்றால் நேற்று நான் சந்தைக்குப் போனேன். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘நான், போ, க்கு, சந்தை, நேற்று’. வினைச்சொல் காலத்துக்காகவும் மாறாது, ஆளுக்காகவும் மாறாது. ‘நேற்று’ என்ற சொல்லே காலத்தைச் சொல்லிவிடுகிறது. அப்படி ஒரு மொழியில் வளர்ந்தவருக்கு, ‘நேற்று’ என்று சொன்ன பிறகும் வினைச்சொல்லை எதற்கு இன்னொரு முறை வளைக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி.

பன்மைக்குச் சொல்லை இரட்டிப்பார்கள், புக்கு-புக்கு என்று. ஆனால் எண்ணிக்கை இருந்தால் இரட்டிக்க வேண்டாம். எனவே ‘த்ரீ புக்’ என்று எழுதுவார்கள். ‘தியா’ என்ற ஒரே சொல்தான் அவனுக்கும் அவளுக்கும். ஒரே பத்தியில் ஆசிரியை ‘ஷீ’யாகத் தொடங்கி ‘ஹி’யாக முடிவதை நான் வாரம் ஒருமுறையாவது திருத்துகிறேன். ‘தி’, ‘ஏ’ போன்ற சுட்டுச்சொற்கள் பற்றி நாம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது, நமக்கும் அதே வியாதி.

எனக்குப் பிடித்த பிழை ஒன்று உண்டு: ‘அக்கார்டிங் டு பிரவுன் ஸ்டேட்ஸ் தட்…’ ‘மெனுருத்’ என்ற சொல்லில் தொடங்கி, ‘என்று கூறுகிறார்’ என்று முடிக்கும் இந்தோனேசிய வழக்கிலிருந்து வருகிறது. தமிழில் யோசித்துப் பாருங்கள். ‘பிரவுனின் கூற்றுப்படி, இது இப்படி என்று அவர் கூறுகிறார்.’ நம் மாணவர்களும் அச்சு அசலாக இதையே எழுதுகிறார்கள். ‘டிஸ்கஸ் அபவுட்’டும் அப்படித்தான்: அங்கே ‘தெந்தாங்’, இங்கே ‘பற்றி’.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்கு அதிர்ஷ்டம். டச்சு வழியாக வந்த ஐரோப்பியச் சொற்கள் நிறைய இருப்பதால், கலைச்சொல் பஞ்சம் குறைவு. மோட்டிவாசி, கொமுனிகாசி, எவாலுவாசி என்றால் ஆங்கிலத்தில் என்னவென்று குழந்தைகூடச் சொல்லிவிடும். சில சொற்கள் காலை வாரிவிடும். ‘அக்துவால்’ என்றால் அங்கே ‘இன்றைய, நடப்பு’ என்று பொருள், ‘உண்மையான’ என்றல்ல.

இந்தப் பிழைகளை எண்ணிப் பட்டியலிடும் ஆய்வுகளால் பயன் உண்டா?

என் கருத்தைக் கேட்டால், போதும் போதும் என்றாகிவிட்டது. டுலே, பர்ட், கிராஷென் என்ற மொழிக்கற்றல் ஆய்வாளர்கள் மூவரும் 1982-இல் தந்த வகைப்பாடு ஒன்று உண்டு: விடுபட்டது, கூடுதலானது, உருத்திரிந்தது, இடம் மாறியது. ஒரு வகுப்பின் முப்பது கட்டுரைகளை எடுத்து, பிழைகளை இந்த நான்கு பெட்டியில் போட்டு, சதவீதம் கணக்கிட்டால் ஓர் ஆய்வேடு தயார். எந்தப் பெட்டி முதலிடம் என்பதுதான் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

இன்னொரு வார்ப்பு, வகுப்பறைச் செயலாய்வு: ஓர் உத்தியை வகுப்பில் கற்பித்துப் பார்த்து, தேர்வு வைத்து, திருத்தி மறுபடி செய்வது; ஒவ்வொரு சுற்றும் ஒரு ‘சுழற்சி’. தலைப்பைப் பார்த்தாலே தெரியும்: ‘எட்டாம் வகுப்பு மாணவர்களின் விவரிப்பு எழுத்தைப் படத்தொடர் மூலம் மேம்படுத்துதல்’, அதன் பின்னால் பள்ளியின் பெயர், கல்வியாண்டு. முதல் சுழற்சியில் வகுப்பின் சராசரி தேர்ச்சி வரம்புக்குக் கீழே இருக்கும். இரண்டாவது சுழற்சியில் வரம்பைத் தாண்டிவிடும். உடனே ஆய்வு முடிந்துவிடும். மூன்றாவது சுழற்சிக்குப் போனவர்களையும், தாண்டாமல் போனவர்களையும் நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். படத்தொடரால் ஏறியதா, இரண்டு மாதம் கூடுதலாக எழுதியதால் ஏறியதா என்று பார்க்க ஒப்பீட்டு வகுப்பும் இருக்காது.

மாணவரைக் குறை சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில், பணமும் நேரமும் இல்லாமல், பட்டத்துக்காக எழுதுகிறார். அவருக்கு இருக்கும் வாசகர் மூன்று பேர்: வழிகாட்டியும் தேர்வாளர்கள் இருவரும். அந்த மூவரைத் திருப்திப்படுத்த எழுதியது, 2012-க்குப் பிறகு, உலகத்துக்கு எழுதியதுபோல இணையத்தில் கிடக்கிறது.

ஆசியர்கள் சுற்றி வளைத்து எழுதுவார்கள் என்று ஒரு கோட்பாடு உண்டே, அது இவர்களுக்குப் பொருந்துமா?

1966-இல் மொழியியலாளர் ராபர்ட் கப்லான் வரைந்த படங்களைச் சொல்கிறீர்கள். ஆங்கிலேயர் எழுத்து நேர்க்கோடு, கிழக்கத்தியர் எழுத்து சுருள். ஆசியா முழுவதையும் ஒரே சுருளுக்குள் அடைத்த அந்தப் படத்தைப் பிற்காலத்தில் கப்லானே அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

உருப்படியான வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் பெங்குலு பல்கலைக்கழகத்தின் சஃப்னில் அர்ஷாத். அவர் பிழைகளை எண்ணவில்லை. பொருளியல், உளவியல், கல்வியியல் துறைகளில் இந்தோனேசிய மொழியில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை எடுத்துக்கொண்டு, எழுதியவர் ஒவ்வொரு பகுதியிலும் என்ன செய்கிறார் என்று பார்த்தார். ஆங்கிலக் கட்டுரையின் முன்னுரைக்கு ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் தந்த மாதிரி எல்லோருக்கும் தெரிந்தது: முதலில் களத்தைக் காட்டு, பிறகு அதில் ஓர் இடைவெளியைக் காட்டு, பிறகு அந்த இடத்தில் நீ உட்கார்.

சஃப்னில் பார்த்த முன்னுரைகளில் அந்த நடு அடி வேறு மாதிரி இருந்தது. ‘முன்னவர்கள் இதைக் கவனிக்கவில்லை, அவர்கள் முறையில் குறை இருக்கிறது’ என்று யாரும் கிளம்பவில்லை. மாறாக, நாட்டில் இப்படி ஒரு பிரச்சினை இருக்கிறது, அரசு இதைத் தீர்க்க விரும்புகிறது, அதனால் இந்த ஆய்வு தேவை என்று எழுதினார்கள். அதற்கு முன் வரலாற்றுப் பின்னணி, சொல் விளக்கம் என்று களம் விரிவாக அமைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய சிஃபிர்தௌஸ் அத்னானும் இதேபோலக் கண்டு, இப்படி எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றிச் சர்வதேச இதழுக்கு அனுப்பினால் சிக்கல் வரும் என்று எச்சரித்தார்.

இதைப் படித்த பிறகு என் திருத்தும் முறையே மாறியது. ‘உலகமயமாதல் யுகத்தில்…’ என்று தொடங்கும் முதல் பத்தியை முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன். இப்போது, அரசு விதியைச் சொல்லும் அந்தப் பத்திதான் ஆசிரியர் தன் ஆய்வுக்குச் சொல்லும் நியாயம் என்பது தெரிகிறது. அதை வெட்டாமல், ‘முன்னாய்வுகளில் இதற்கு விடை இருக்கிறதா, இல்லையா?’ என்று ஓரத்தில் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வருகிறது, நல்ல பதிலாகவே.

அப்படியானால் விமர்சிக்கத் தெரியாதவர்களா?

தெரியும். காபிக் கடையில் உட்கார்ந்து கேளுங்கள், வழிகாட்டி முதல் ஜனாதிபதி வரை யாரும் தப்ப மாட்டார்கள். காகிதத்தில், பெயர் போட்டு, மூத்தவரை எதிர்த்து எழுதுவதுதான் சிக்கல். ‘சுங்கான்’ என்று ஒரு ஜாவானியச் சொல் உண்டு. பயமும் இல்லை, வெட்கமும் முழுதாக இல்லை; பெரியவர் முன் கால்மேல் கால் போட்டு உட்காரத் தோன்றாதே, அந்தக் கூச்சம். ஜாவானிய மொழியிலேயே பெரியவர்களிடம் பேச ‘கிராமா’, சமமானவர்களிடம் பேச ‘ங்கோகோ’ என்று சொற்கள்கூட வேறு வேறு. மாணவர் தன் டோசெனுக்கு வாட்ஸ்அப் அனுப்பும்போது ‘பாக்’ அல்லது ‘பு’, அதாவது ஐயா, அம்மா என்று தொடங்கி, நேரத்துக்கு இடையூறு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டு, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அதற்குப் பிறகே விஷயத்துக்கு வருவார். அதே மாணவர் அன்று மாலை ‘பிரவுனின் வாதத்தில் மூன்று ஓட்டைகள்’ என்று எழுத வேண்டும் என்கிறோம்.

பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் ஆசிரியரின் திருத்தத்தையே விரும்புகிறார்கள், சக மாணவரின் திருத்தத்தை அல்ல என்று கேள்விப்பட்டியலில் வந்தால், அது திருத்தத்தின் தரத்தைப் பற்றிய கருத்தாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

எழுதக் கற்பிப்பது எப்படி?

பள்ளியில் 2004 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வகைமை அணுகுமுறை செல்வாக்கு பெற்றது. விவரிப்பு, நினைவுகூரல், செய்முறை, அறிக்கை, வாதம் என்று எழுத்து வகைகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் அமைப்பையும் கற்பிப்பது. கடைசியில் எதிர்பாராத திருப்பம் உள்ள வேடிக்கைக் கதையும் ‘ஸ்பூஃப்’ என்ற பெயரில் மேல்நிலைப் பாடத்தில் ஒரு வகையாக இருந்தது. ஆசிரியர்கள் பி.கே.ஓ.எஃப்., எம்.ஓ.டி., ஜே.சி.ஓ.டி., ஐ.சி.ஓ.டி. என்று நான்கு கட்டங்களை மந்திரம்போலச் சொல்வார்கள்: பின்புலம், மாதிரி, சேர்ந்து எழுதுதல், தனியே எழுதுதல்.

பண்டுங்கிலுள்ள இந்தோனேசியக் கல்விப் பல்கலைக்கழகத்தின் எமி எமிலியா, இதைக் கல்லூரி மாணவர்களின் வாத எழுத்துக்குப் பயன்படுத்தி, 2005-இல் மெல்போர்னில் முனைவர் ஆய்வேடு கொடுத்தார். வகைமையை அச்சாகக் கொடுக்காமல், வாசித்ததைக் கேள்வி கேட்கவும் பழக்கியதுதான் அதில் விசேஷம். வகுப்பறையில் பலவேளை அச்சு மட்டும் மிஞ்சுகிறது. மூன்றாவது கட்டமான சேர்ந்து எழுதுதலுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் அதைத்தான் முதலில் கைவிடுவார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் இருந்த சைதார் அல்வாசிலா வேறொரு இடத்தில் கை வைத்தார். மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதத் திணறுகிறார்கள் என்கிறீர்களே, தங்கள் சொந்த மொழியில் எழுதவே அவர்களை யார் பழக்கினார்கள் என்றார். மொழி வகுப்பு இலக்கணமும் இலக்கியத் தகவலுமாகப் போய்விடுகிறது, எழுத்து விடுபட்டுவிடுகிறது என்பது அவர் வாதம். மாணவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துக் கருத்துச் சொல்லும் கூட்டு எழுத்தைப் பரிந்துரைத்தார். என் மேசைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன், அவர் பக்கம்தான் உண்மை அதிகம். ஆங்கிலம் சரியாக இருந்து வாதம் தொலைந்த கட்டுரைகள், ஆங்கிலம் தடுக்கி வாதம் நிற்கும் கட்டுரைகளைவிட அதிகம்.

பாரே என்ற ஆங்கிலக் கிராமம் உண்மையா?

உண்மை. கிழக்கு ஜாவாவில் கெடிரி மாவட்டத்தில் இருக்கிறது. கலென்த் ஓசென் என்பவர் 1977-இல் அங்கே ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கினார். இன்று தெரு முழுக்க வகுப்புகளும் விடுதிகளும். மாணவர்கள் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு சுற்றுவார்கள். பேச்சுக்கு நல்ல இடம், ஆய்வெழுத்துக்கு அதை எதிர்பார்க்காதீர்கள்.

கருத்துத் திருட்டு, கூலிக்கு எழுதித் தருவது, செயற்கை நுண்ணறிவு?

எழுதித் தருபவருக்கு ‘ஜோக்கி’ என்று பெயர், குதிரைப் பந்தய ஜாக்கிதான். சமூக ஊடகத்தில் ‘ஜோக்கி ஸ்க்ரிப்ஸி’ விளம்பரங்கள் பகிரங்கமாக ஓடுகின்றன. கருத்துத் திருட்டுக்கு எதிராக 2010-லும், கல்வி நேர்மை குறித்து 2021-லும் அமைச்சக விதிகள் வந்தன. பல பல்கலைக்கழகங்கள், எழுத்தைப் பிற எழுத்துகளோடு ஒப்பிடும் ‘டர்னிட்டின்’ என்ற மென்பொருள் தரும் அறிக்கையில் ஒற்றுமைச் சதவீதத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. வரம்பு வைத்ததும் எழுத்தின் இலக்கே அந்த எண்ணாகிவிட்டது. ‘கல்வி என்பது’ என்பதை ‘கற்பித்தல் எனப்படுவது’ என்று மாற்றி மாற்றி, கடைசியில் மேற்கோள் காட்டப்பட்டவரே அடையாளம் தெரியாதபடி சிதைத்த பத்திகளை நான் திருத்தியிருக்கிறேன்.

2023-க்குப் பிறகு என் மேசையில் ஒரு மாற்றம். ‘அக்கார்டிங் டு பிரவுன் ஸ்டேட்ஸ் தட்’ கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. வழவழவென்ற ஆங்கிலம் வருகிறது. ஆனால் எட்டாம் வகுப்பு, படத்தொடர், இரண்டாம் சுழற்சியில் வெற்றி எல்லாம் அப்படியே இருக்கின்றன. பிழைகளை எண்ணும் ஆய்வுக்கு இனிப் பிழையே கிடைக்காது போலிருக்கிறது.

என் ஆய்வேட்டில் இந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டலாமா?

பார்த்துக் காட்டுங்கள். டெஃப்லின் என்ற இந்தோனேசிய ஆங்கில ஆசிரியர் சங்கம் நடத்தும் இதழும், பண்டுங்கிலிருந்து வரும் பயன்பாட்டு மொழியியல் இதழும் நம்பித் தொடங்கக்கூடியவை. மற்றவற்றுக்குச் சிந்தாவில் படிநிலையைப் பாருங்கள். கட்டுரைக்குள் ஒப்பீட்டு வகுப்பு இருந்ததா, மதிப்பெண் போட்டவர் எத்தனை பேர், ஆய்வாளரே ஆசிரியரா என்ற மூன்றையும் தேடிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஆங்கிலத்தில் தேடுவதை விட்டுவிட்டு, கருடா தளத்தில் ‘கார்யா துலிஸ் இல்மியா’ என்று தேடிப் பாருங்கள். ஆய்வெழுத்து என்று பொருள். லத்தீன் எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும், உச்சரிப்பில் ‘இல்மியா’வாக இருப்பது எழுத்தில் ‘எச்’சில் முடியும். இந்தோனேசிய மொழியில் எழுதப்பட்ட கட்டுரைகள் வரும், மொழிபெயர்ப்புச் செயலி கைகொடுக்கும். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குரல் அங்கே வேறு மாதிரி இருக்கிறது, நகைச்சுவைகூட உண்டு.